நாற்பது மீட்டர்

ஒரு மரத்துக்கு நாற்பத்தைந்து விநாடி.
பிடிக்க, அறுக்க, கிளை உரிக்க, துண்டு போட
எல்லாம் சேர்த்து.
எனக்குக் கூலி கன மீட்டர் கணக்கில்.
ஆகவே நான் பறவை பார்ப்பதில்லை.

அந்தத் திங்கள்கிழமை
சாரவாயோகி ஆற்றங்கரையில்
இயந்திரத்தின் மூக்கில் உரசியது ஒரு நீல நாடா.
பிர்ச் மரத்தின் இடுப்பிலிருந்து இன்னொரு பிர்ச்சுக்கு,
அங்கிருந்து கோணலான ஒரு ஸ்ப்ரூஸுக்கு.
அந்தப் பக்கம் நாற்பது மீட்டர் காடு,
பிறகு ஆறு.

அந்தப் பட்டையை மட்டும்
தைமி வாராலா விற்கவில்லையாம்.
எந்தக் காலத்திலும் யாரும் வெட்டக்கூடாதென்று
எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.
அவள் தம்பி எஸ்கோ தொலைபேசியில் கத்தினான்:
"தடிமரமெல்லாம் அங்கேதான் நிற்கிறது!"
நின்றது.
குறைத்து மதித்தாலும் முந்நூறு கன மீட்டர்.

மதியம் கை கழுவ இறங்கினேன்.
நாடாவைத் தாண்டியதும் வெயில் கழன்று விழுந்தது.
என் காலணிச் சத்தத்தைப் பாசி வாங்கி வைத்துக்கொண்டது.
தண்ணீரில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள்.

பிணம் என்று நினைத்தேன்.
பிணம் எண்ணிக்கொண்டிருந்தது.
"இருநூற்றுப் பதினொன்று.
கொஞ்சம் காலை எடுங்கள்,
இருநூற்றுப் பன்னிரண்டின் மேல் நிற்கிறீர்கள்."

பெயர் ஹெல்கா.
அடியில் கண்ணாடி பதித்த குழாயை என்னிடம் தந்தாள்.
குனிந்தேன்.
சரளையில் பாதி புதைந்த கறுப்பு உதடுகள்,
ஆற்றைக் குடித்து
ஆற்றையே திருப்பித் தருகிறவை.
முத்துச்சிப்பிகள்.
தலைக்கு நாளொன்றுக்கு நாலைந்து வாளி.
நான் மிதித்ததற்கு நூற்று முப்பது வயதிருக்குமாம்.
இந்த நாட்டுக்கே இன்னும் அவ்வளவு ஆகவில்லை.

குஞ்சு முதலில் மீனின் செவுளில் ஒண்டிக்கொண்டு
குளிர்காலத்தைக் கழிக்கும்.
பிறகு உதிர்ந்து, சரளைக்குள் இறங்கி,
ஆண்டுக்கணக்கில் இருட்டில் வளரும்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மூச்சு ஓட வேண்டும்.
தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும்.
அதற்குத்தான் நிழல்.
அதற்குத்தான் இந்த ஆல்டர்கள், என்று
கையைக்கூட உயர்த்தாமல் முகவாயால் காட்டினாள்.

"சின்னது ஏதாவது?"
"ஒன்றுகூட இல்லை. இது முதியோர் விடுதி.
பதினைந்து வருடமாகப் பிள்ளை நிற்கவில்லை.
மேலே சதுப்பில் யாரோ வாய்க்கால் வெட்டினார்கள்.
மழைக்கு மழை வண்டல்."

யாரோ.

எனக்கு அப்போது இருபத்து நான்கு.
தோண்டும் இயந்திரத்தில் என் முதல் ஒப்பந்தம்.
இரண்டு கிலோமீட்டர், நூல் பிடித்த நேர்கோடு.
முதுகில் தட்டிப் பாராட்டினார்கள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
வெட்டியதை அளந்தேன், சென்டிமீட்டர் பிசகாமல்.
ஆற்றில் போட்டதை அளக்கவில்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை.
ரொட்டியில் பாதியை நீட்டினேன்.
ஈரக்கையோடு வாங்கித் தின்றாள்.

எதிரே பாறையில் ஒரு சிறு பறவை,
பழுப்பு உடம்பு, வெள்ளை மார்பு,
முழங்காலை மடக்கி மடக்கி எழுந்தது.
பிறகு, வீட்டுக்குள் போவதுபோல்,
ஓடும் நீருக்குள் நடந்தே போய்விட்டது.
அது வெளியே வரும்வரை நின்றேன்.
ஒரு மரம் போயிருக்கும் அந்த நேரத்தில்.
ஒன்றரைகூட.

அக்டோபரில் அழைப்பு வந்தது:
சதுப்பு வாய்க்காலை மூட ஆள் வேண்டும்,
மணிக்கூலி, குறைவுதான்.
இடம் தெரியுமா என்றார்கள்.
தெரியும் என்றேன்.

வெட்ட ஆறு நாள் ஆனது அன்றைக்கு.
மூடப் பதினேழு நாள்.
கரை இடிந்து, வேர் பின்னி,
என் நேர்கோடு எனக்கே பிடிகொடுக்கவில்லை.
கடைசி மண் அணையை அமுக்கியபோது
தண்ணீர் சற்றுத் தயங்கியது,
வழி கேட்க ஆளில்லாதவனைப்போல.
பிறகு பக்கவாட்டில், பாசிக்குள்,
சத்தமில்லாமல் ஊறத் தொடங்கியது.

பலன் தெரியப் பத்து வருடமாவது ஆகும்,
தெரியாமலும் போகலாம் என்றாள் ஹெல்கா.
எஸ்கோ இன்னும் அக்காவோடு பேசுவதில்லை.
நானும் நாடாவுக்கு இந்தப் பக்கம்
மரம் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்,
நாற்பத்தைந்து விநாடிக்கு ஒன்று.

இருநூற்றுப் பன்னிரண்டு,
என் காலடியில் வாயை மூடிக்கொண்டதே,
பிறகு திறந்ததா?
கேட்க மறந்துவிட்டேன்.